பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போங்கள்

கண்டியில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. காடும் மலையும் சிறுபிள்ளைகளுக்கு உரிய இடமல்ல என்பது அது. “அட்டை கடிக்கும், பாம்பு கிடக்கும், பனியில தடிமன் பிடிக்கும். கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்ப்போம்” என்று பாட்டி சொல்வார். பக்கத்து வீட்டாரும் அதையே சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தையோடு ஹந்தானை மலைப் பக்கம் நடக்கப் போகிறோம் என்றால், பொறுப்பில்லாத பெற்றோர் என்ற பார்வை உடனே வந்து விழும். அதே குழந்தையை ஞாயிற்றுக்கிழமை முழுதும் கடைத்தொகுதிக்குள் இழுத்துத் திரிந்தால் எவரும் வாய் திறப்பதில்லை.

இந்தக் கருத்து அன்பிலிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது தவறு. பிள்ளைகளுக்கு அது செய்யும் கெடுதல் சிறியதுமல்ல.

முதலில் ‘வளரட்டும்’ என்ற தவணையையே எடுத்துக்கொள்வோம். எப்போது வளர்ந்து முடிகிறது? ஐந்து வயதில் பாடசாலை தொடங்கிவிடும். மூன்றாம் வகுப்பிலேயே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் ஆரம்பம்; சனி, ஞாயிறு டியூஷன். அது முடிந்து பிள்ளை மூச்சு விடும்போது கையில் போன் வந்திருக்கும். பிறகு சாதாரண தரம், பிறகு உயர்தரம். மலைக்குப் போக விரும்பும் வயது கடந்துபோன பிறகுதான் நாம் ‘இப்போது போகலாம்’ என்கிறோம். பதினைந்து வயதுப் பையன் அம்மா அப்பாவோடு மலையேற வருவானா? நண்பர்களோடு போவான். வழியும் தெரியாமல், வானம் பார்த்துப் பழக்கமும் இல்லாமல் போவான். ஹந்தானையில் மழையிலும் மூடுபனியிலும் வழி தவறி மாணவர் கூட்டங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், பனி இறங்கினால் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சிறு வயதில் யாராவது கூடவே நடந்து பழக்கியிருந்தால் அந்தச் செய்திகளில் சில வந்திருக்காது. மலைக்குப் பழகாமல் வளர்ந்த உடம்புக்கு வயது பாதுகாப்புத் தருவதில்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம்’ என்பது அடுத்த வாதம். சுற்றுலாப் பயணிகள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நக்கிள்ஸ் மலைக்குப் போவதைப் பார்த்து வந்த எண்ணம் இது. சொல்பவர் யார் என்று பார்த்தால், போன ஆண்டு கைக்குழந்தையோடு சிவனொளிபாதமலை ஏறியவராக இருப்பார். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரையான பருவத்தில் நல்லதண்ணிப் பக்கம் போய்ப் பாருங்கள். 5,000க்கு மேற்பட்ட படிகள், உச்சி 2,243 மீற்றர், ஏறுவது நள்ளிரவில், மேலே எலும்பைத் துளைக்கும் குளிர். கம்பளித் தொப்பி போட்ட குழந்தைகள் தகப்பன் தோளில் தூங்கிக்கொண்டே மேலே போகும். நான்கு வயதுப் பிள்ளைகள் படிகளை எண்ணிக்கொண்டே ஏறும். அங்கே ஒருவரும் ‘தடிமன் பிடிக்கும்’ என்று தடுப்பதில்லை.

கதிர்காமப் பாதயாத்திரை அதைவிடப் பெரியது. யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் நடந்து வருகிற அடியார்களுக்காக, உற்சவ காலத்தையொட்டி உகந்தையில் காட்டுவழி திறக்கப்படுகிறது. அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால், கும்புக்கன் ஆற்றையும் கடந்து, நாட்கணக்கில் நடக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துப் பசுமைக் காடு அல்ல. வரண்ட முட்காடு, சுடுமணல், உச்சி வெயில். குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. யானையும் கரடியும் சிறுத்தையும் உலவுகிற இடம். பாலைநிலம் என்று நம் முன்னோர் வகுத்தது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் நடக்கிறார்கள், கைக்குழந்தைகள் சேலை ஏணையில் தூங்குகின்றன, இரவில் மரத்தடியில் குடும்பம் குடும்பமாகப் படுக்கிறார்கள். ஆக, சிறுபிள்ளையோடு காட்டில் நடப்பது நம் மக்களுக்குப் புதிதே அல்ல. நேர்த்திக்கடன் என்றால் நடக்கலாம், மகிழ்ச்சிக்காக என்றால் கூடாது என்கிறோம். அதற்கு ஒரு நியாயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. முருகன் துணை இருக்கிறான் என்பார்கள். இருக்கட்டும், ஹந்தானையிலும் அவன்தானே இருக்கிறான்?

உண்மையான காரணம் அட்டையிலும் பாம்பிலும் இல்லை என்று நான் நினைக்கிறேன். அது நம் வரலாற்றில் இருக்கிறது.

இந்த மலைகளை நம் மக்கள் விரும்பி ஏறவில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த காலத்திலிருந்து, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். பிள்ளைகுட்டிகளோடு நடந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தார்கள். 2023இல் மலையகத்தின் 200 ஆண்டு நினைவாக அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனதைப் பலர் அறிவர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த மலையை வெட்டித் துப்புரவாக்கிய கைகளின் பெயர்களைச் சொல்வதில்லை. அவர்களின் வழிவந்த பிள்ளைகள் செருப்பில்லாமல் பாடசாலைக்கு மைல் கணக்கில் ஏறி இறங்கினார்கள், மழையில் நனைந்து காய்ந்தார்கள், விறகு சுமந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் படித்து, நகரத்துக்கு இறங்கி, கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ ஒரு வீடு கட்டி, இன்று தாய்தகப்பனாக இருக்கிறார்கள். “நாங்க பட்டது போதும். எங்க புள்ள சேத்துல மிதிக்கக் கூடாது” என்று அவர்கள் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. இந்த வாதத்தை நான் ஏளனமாகப் பார்க்கவே மாட்டேன்.

ஆனாலும் மறுக்கிறேன். அவர்களைத் துன்புறுத்தியது மலையா? கூலியும் கங்காணியும் லயமும் பசியும் சேர்ந்து செய்த கொடுமையை மலையின் கணக்கில் எழுதுவது சரியல்ல. அந்த வலுக்கட்டாயத்திலிருந்து விடுபட்டவர்களுக்குத்தான் இந்த மலையை ரசிக்க முதல் உரிமை உண்டு. தோட்டத்துரைமாரின் பிள்ளைகள் குதிரையில் வந்து பார்த்த அதே மலையை, கொழுந்து பறித்தவர்களின் கொள்ளுப்பேரன் நல்ல சப்பாத்துப் போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். ‘சேற்றில் மிதிக்காத பிள்ளை’ என்பதை முன்னேற்றத்தின் அடையாளமாக வைத்தால், இருநூறு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய மண்ணை நாமே அந்நியருக்கு எழுதிக் கொடுக்கிறோம். ஹந்தானை உச்சியில் நின்று இங்கே எந்த மலைக்கு எந்தத் தோட்டம், எங்கள் பூட்டி எந்தப் பிரட்டுக் களத்தில் நின்றார் என்று காட்டச் சொன்னால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி ஆபத்துகள். இருக்கின்றன. மறைக்க மாட்டேன்.

அட்டையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தாய்மார் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு மழைக்குப் பிந்திய காலையில் உடவத்தகெலே வனத்தின் குளத்தடியில் என் மகளின் கணுக்காலில் ஓர் அட்டை ஏறியது. அப்போது அவளுக்கு நான்கு வயது. கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குந்தி உட்கார்ந்து, அது முன்பக்கத்தை நீட்டி ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்து வளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து அதன் வாய்ப்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டேன், கழன்று விழுந்தது. இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், அது அட்டையின் எச்சில் செய்யும் வேலை. துடைத்து ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் முடிந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் காலில் சவர்க்காரத்தைப் பூசிக் காயவிட்டுக்கொண்டு இதே அட்டைகளுக்கு நடுவே நாள் முழுதும் நிற்கிறார்கள். அதை நாம் யாரும் ஆபத்து என்று எழுதுவதில்லை. அந்தக் காலையில் நாங்கள் அதற்குமேல் அதிக தூரம் போகவில்லை. தொட்டால் உருண்டைக் குண்டாகச் சுருண்டுகொள்ளும் தடித்த மரவட்டை ஒன்று வழியில் கிடந்தது. அது மறுபடி விரியும்வரை நகர மாட்டேன் என்று அவள் நின்றுவிட்டாள். குனிந்த தலை நிமிரவில்லை. அவள் மூச்சுப் பட்டு அது இன்னும் இறுகியதே தவிர விரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது.

சிறுபிள்ளையோடு போகும் பயணம் இப்படித்தான் இருக்கும். உச்சியைத் தொட வேண்டும் என்று போனால் தோற்றுத்தான் திரும்ப வேண்டும். ஒரு வான் பிடித்து, ஒரே நாளில் நான்கு இடங்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைப் பயணம் என்று நினைப்பவர்கள்தான் ‘குழந்தைகளுக்கு இதெல்லாம் விளங்காது’ என்கிறார்கள். வானுக்குள் இருப்பவருக்குத்தான் ஒன்றும் விளங்காது.

பாம்பு? இலங்கையில் மிக அதிகமாகக் கடிக்கும் விஷப்பாம்பு, சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்லப்படும் சிறிய விரியன். அது வீட்டுத் தோட்டத்துச் சருகுக்குள்ளும் தேயிலைக்குள்ளும் கிடப்பது. இருட்டில் செருப்பில்லாமல் கொல்லைப்புறம் போவதைவிட, பகலில் மூடிய சப்பாத்தோடு அகன்ற பாதையில் நடப்பது எவ்வளவோ பாதுகாப்பானது. சருகுக்குள் கை வைக்காதே, கல்லைப் புரட்டாதே என்ற இரண்டையும் மூன்று வயதுப் பிள்ளை கற்றுக்கொள்ளும். குளவிதான் எனக்குப் பயம். ‘குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில்’ என்ற செய்தி மலையகத்தில் ஓயாது. இறந்தவர்களும் உண்டு. கூடு எங்கே இருக்கிறது என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். கேட்டுவிட்டுத்தான் நான் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவேன். கேட்க வெட்கப்படுபவர் போகவே வேண்டாம்.

தண்ணீர் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. மகாவலியில் குளிக்கப் போய் உயிர்விட்டவர்களின் கதை இல்லாத ஊர் கண்டியைச் சுற்றி இல்லை. பொல்கொல்லை அணைக்குக் கீழே வான்கதவு திறந்தால் நீர்மட்டம் ஏறும். நக்கிள்ஸ் ஓடைகளில் நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் பெய்தது கொஞ்ச நேரத்தில் வந்து சேரும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சிவந்த மணற்பாறைக்குள் ஆறு அறுத்த குறுகிய பள்ளத்தாக்குகள் உண்டு. பாலைநிலம், ஆனாலும் குடும்பங்கள் குழந்தைகளோடு நடக்கும் இடம். அங்கேயும் இதே ஆபத்துத்தான். 2015 செப்டெம்பரில் சயன் தேசியப் பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் திடீரென வந்த வெள்ளம் ஏழு பேரைக் கொன்றது. அன்று வெள்ள எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. இறந்த ஏழு பேரும் வளர்ந்தவர்கள். அதற்காக அந்த நாட்டுத் தாய்தகப்பன்மார் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டவில்லை. வெள்ள வாய்ப்பு அங்கே நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது, அதைப் பார்த்து நல்ல நாளில் போகிறார்கள், கெட்ட நாளில் திரும்பி விடுகிறார்கள். என் விதி இன்னும் இறுக்கமானது: சிறுபிள்ளையோடு ஓடைக்குள் இறங்குவதில்லை, கரையோடு சரி. நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து மிதந்து வந்தாலோ, அந்த நிமிடமே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

இங்கேதான் மிகக் கனமான எதிர்வாதம் வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் சரிந்தது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. வீடுகள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. ‘இதற்குப் பிறகும் மலைக்குப் போகச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பவரின் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது எளிதல்ல. ஆனால் மண்ணுக்குள் புதைந்தவர்கள் மலையேறப் போனவர்கள் அல்லர், வீட்டில் இருந்தவர்கள். கண்டியில் வாழ்கிறவனுக்கு மலையை விட்டு விலகி இருக்க ஓர் இடம் இல்லை. நிலத்தில் புதிதாக விழும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரமும் மின்கம்பமும், தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இல்லாத இடத்தில் நீர் கசிவது ஆகியவற்றை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மரம் நேராக நிற்பதையே கவனித்துப் பார்த்திராத பிள்ளைக்கு, அது சாய்ந்தது எப்படித் தெரியும்? வீட்டுக்குப் பின்னாலுள்ள ஊற்று என்ன நிறத்தில் ஓடும் என்று அறியாதவருக்கு, அது கலங்கினால் என்ன விளங்கும்? ஆபத்தான சரிவுகளில் லயங்களை அப்படியே விட்டுவைத்தவர்களின் பொறுப்பை நான் பிள்ளைகளின் தலையில் கட்டவில்லை. பாதுகாப்பான காணியும் வீடும் கொடுக்க வேண்டியது அரசும் கம்பனிகளும்தான். ஆனால் மலையைப் பார்க்கத் தெரிந்த தலைமுறை ஒன்று வேண்டும் என்ற என் எண்ணத்தை டித்வா பலப்படுத்தியிருக்கிறதே ஒழியக் குறைக்கவில்லை. மழைக்காலத்தில், எச்சரிக்கை உள்ள நாட்களில், மலைப்பக்கம் தலைவைக்காமல் இருப்பதும் அந்தப் படிப்பின் ஒரு பகுதி.

படிப்பு என்றதும் பரீட்சை நினைவுக்கு வருகிறது. நம் ஆரம்பப் பாடசாலைகளில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகச் சொல்லும் பாடம். அதை நாம் என்ன செய்கிறோம்? மூடிய வகுப்பறையில் இலையின் படத்துக்கு நிறம் தீட்ட வைக்கிறோம், மாதிரி வினாத்தாளுக்கு விடை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தலதா மாளிகைக்குப் பின்னாலேயே சுமார் 100 ஹெக்டேயரில் உடவத்தகெலே காடு இருக்கிறது. கண்டி அரசர் காலத்தில் சாதாரண மக்கள் கால்வைக்க முடியாதிருந்த காடு. 1856இல் ஒதுக்கப்பட்ட வனமாகி, 1938இல் சரணாலயமானது. இன்று ஒரு டிக்கெட்டோடு யாரும் நுழையலாம். அதன் வாசலைத் தினமும் பாடசாலை வானில் கடந்துபோகும் பிள்ளை, உள்ளே ஒருமுறையும் போகாமலே ‘காட்டின் பயன்கள் ஐந்து எழுதுக’ என்பதற்கு முழுப் புள்ளி வாங்குகிறது. துனுமடலாவ வனத்து நீர் நகரத்தின் ஒரு பகுதிக்குக் குழாயில் வருகிறது. அந்தக் குழாயைத் திறக்கும் பிள்ளைக்கு அப்படியொரு காடு இருப்பதே தெரியாது.

வெளியே விட்டால் படிப்புக் கெடும் என்பவர்களுக்கு, படிக்கும் கண்ணைப் பற்றி ஒரு செய்தி. சீனாவின் குவாங்சோவில் 12 பாடசாலைகளில், முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பாடசாலைகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளில் 30.4 வீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பாடசாலைகளில் 39.5 வீதத்தினருக்கு. 2015இல் வெளியான முடிவு இது. காடும் மலையும் வேண்டாம், திறந்த வெளியே இவ்வளவு செய்கிறது. எட்டு வயதில் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு கடந்தகால வினாத்தாள் செய்யும் பிள்ளைகளைக் கண்டியில் நான் நிறையப் பார்க்கிறேன்.

ஓர் எதிர்ப்பை மட்டும் நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். அது தாய்மாரிடமிருந்து வருவது. ‘போவது நல்லதுதான், ஆனா எல்லாம் என் தலையில’ என்பார்கள். விடியுமுன் எழுந்து ரொட்டி சுடுவது, சம்பல் அரைப்பது, மாற்றுத்துணி, மருந்து, தண்ணீர்ப் போத்தல் என்று எல்லாவற்றையும் கட்டுவது, வழியில் கழிப்பிடம் இல்லாத இடத்தில் பிள்ளையைச் சமாளிப்பது, களைத்துப்போன பிள்ளையை இடுப்பில் தூக்குவது, வந்தபிறகு சேற்றுத்துணி துவைப்பது. தகப்பன் போன் கையில் முன்னால் நடப்பார். இப்படி நடக்கும் பயணத்தை எந்தத் தாய் மறுத்தாலும் நான் அவர் பக்கம்தான். பழி அங்கே மலைக்குரியதல்ல. தகப்பன் சமைக்கட்டும், தகப்பன் தூக்கட்டும், தகப்பன் துவைக்கட்டும். வனப் பாதுகாப்புத் திணைக்களமும் மாநகர சபையும் காட்டு வாசல்களில் குழந்தைகளுக்கு ஏற்ற சுத்தமான கழிப்பிடமும் அரை மணிநேரத்தில் சுற்றி வரக்கூடிய சிறு பாதைகளும் அமைக்கட்டும்.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு மாதமும் போயா விடுமுறை வருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் பக்கம் மழை குறைந்த காலம். நக்கிள்ஸ் வேண்டாம், அதற்கு இன்னும் வயது இருக்கிறது. பேராதனைப் பூங்காவில் வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் தொடங்கலாம், அடுத்ததற்கு உடவத்தகெலே, கால் பழகியபின் ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு மேலே உள்ள பாதையில் பிள்ளை கேட்கும் தூரம் வரை. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் உச்சிப் பொழுதுக்குமுன் வீட்டுக்கு வந்துவிடலாம். பாட்டியையும் கூட்டிப் போங்கள். எந்த இலையைச் சுண்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். சின்ன வயதில் அந்தப் பாதையில் நடந்தவர் அவர்தான்.